சூசை போட்ட சோதனை ஓட்டு

இந்த முறை முதன்முதலாகத் தேர்தல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய அலுவலகத்தில் கேட்டார்கள். மெஷினை எப்படி இணைப்பது, சீல் எங்கே வைப்பது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். வெளித்தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கப்பல் ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் ஓட்டு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பெரிய ஆபீசர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி நான் எழுத விரும்புவது சூசையைப் பற்றி. இதைப் படித்துவிட்டு, சரி மேடம், அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். முழுப் பதில் என்னிடம் இல்லை. அதைத் தேடிக்கொண்டேதான் ஓய்வு பெற்றேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் வாப்பா கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து போர்ட் பிளேரில் துணிக்கடை போட்டவர். நான் கடையில் உட்காராமல் அரசு வேலைக்குப் போனவள். சூப்பரின்டென்டென்ட்டாக ஓய்வு பெற்றேன். சிடுமூஞ்சி என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அது எனக்குத் தெரியும். தேர்தல் என்று ஒன்று வந்தால் என் பெயர் பட்டியலில் தவறாமல் இருக்கும். கடைசிக் காலத்தில் பிரிசைடிங் ஆபீசராகவே, அதாவது வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாகவே, போய்வந்தேன்.

பஞ்சாயத்துத் தேர்தலில் காகித ஓட்டும் எண்ணியிருக்கிறேன். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவில் கோட்டின்மேல் விழுந்திருக்கும். இரண்டு தரப்பும் அந்த ஒரு காகிதத்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடும். விளக்குக்குக் கீழே தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கடைசியில் ஒரு முடிவுக்கு வருவோம். தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டு போவார். ஆனால் தான் எதில் தோற்றோம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். உடனே நான் காகிதத்துக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். காகிதத்தில் நடந்த அக்கிரமங்களை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும்.

சூசையின் கதைக்கு முன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அமுக்கியதும் பக்கத்துப் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி தெரியும். யாருக்கு ஓட்டு விழுந்தது என்பது பெயரோடும் சின்னத்தோடும் அதில் இருக்கும். பிறகு சீட்டு அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். சீட்டு மாறி வந்தது என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பொய்யாக இருந்தால் தண்டனை உண்டு என்று எச்சரிக்க வேண்டும். அப்புறம் சாவடியில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் அவரை ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்ல வேண்டும். சீட்டு தப்பாக வந்தால் வாக்குப்பதிவை அங்கேயே நிறுத்த வேண்டும். சரியாக வந்தால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

எங்கள் சாவடிகளைச் சுற்றி மேற்பார்வை பார்க்கும் ஸெக்டர் ஆபீசராக ஒரு மூத்தவர் இருந்தார். பெயர் வேண்டாம். வங்காளக் குடும்பம், தங்கமான மனிதர். எந்தத் தேர்தலிலும் அவருடைய சாவடிகளில் புகார் என்று ஒன்று வந்ததே கிடையாது. "கோயி ஷிகாயத் கரே தோ பஹலே ஜேல் போலோ, மேடம்" என்பார். யாராவது புகார் சொன்னால் முதலில் ஜெயில் என்ற வார்த்தையைச் சொல்லிவிடுங்கள், மற்றதை அவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. விதியைக் கம்பு மாதிரி ஓங்கக் கூடாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் முன்பு இருந்த தைரியத்தோடு இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த பார்லிமென்ட் தேர்தல் அது. போர்ட் பிளேரின் மீனவர் பகுதியான ஜங்லிகாட்டில் ஒரு பள்ளிக்கூட அறை. காலையில் கூட்டம் அலைமோதியது. மதியம் கொஞ்சம் ஓய்ந்தது. ஏஜெண்டுகள் மூன்று பேர் பெஞ்சில் சாய்ந்து கண்ணயரப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போக வேண்டிய ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"மேடம், நான் அமுக்கினது ஒண்ணு. சீட்டுல வந்தது இன்னொண்ணு."

சத்தம் போடவில்லை. பஸ்ஸில் மாறி ஏறிவிட்டவர் கண்டக்டரிடம் சொல்வாரே, அந்த மாதிரிச் சொன்னார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாத்தான் பாத்தேன். நான் அமுக்கினது வந்து..."

"சொல்லாதீங்க!"

நான் கத்திய கத்தலில் தூங்கி வழிந்த ஏஜெண்டுகள் மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, நான் சொல்ல விடவும் கூடாது.

"சொல்லாம எப்படி மேடம் சொல்லுதது?" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

அதற்குள் வரிசையில் நின்றவர்களிடையே விஷயம் பரவிவிட்டது. மெஷின் மாறிப் போடுதாம் என்று ஒரு குரல். "ஸப் அஃப்வா ஹை" என்று ஓர் ஏஜெண்ட் எரிச்சலோடு சொன்னார், எல்லாம் வதந்தியாம். இன்னொருவர் உடனே சோதனை வைக்கச் சொன்னார். யார் எதற்காகப் பேசுகிறார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. வரிசை கலைந்தால் சாவடி என் கையில் இல்லை. ஓட்டுப்பதிவைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். பெயர் கேட்டேன். சூசை என்றார். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. இங்கே ஓர் அரசுப் பட்டறையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்.

ஸெக்டர் ஆபீசருக்குப் போன் போட்டேன். "ஜேல் போலா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் விதியை எடுத்து சூசைக்குத் தமிழில் நிதானமாகச் சொன்னேன். என் சொந்தத் தம்பிக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீங்க இன்னொரு ஓட்டுப் போடணும், எல்லாரும் பாப்பாங்க. அதுல சரியா வந்துட்டா நீங்க சொன்னது பொய்யின்னு கேஸ் வரும். ஒண்ணு நல்லாக் கேட்டுக்குங்க. அந்தச் சோதனை இப்ப மெஷின் எப்படி இருக்குன்னுதான் காட்டும். நீங்க முதல்ல போட்டது எங்க போச்சுன்னு அது காட்டாது."

"அந்தச் சீட்டு உள்ளதானே கெடக்கு? எடுத்துப் பாக்க முடியாதா?"

"முடியாது. உள்ள நூத்துக்கணக்குல கெடக்கு. எதுலயும் பேரு எழுதியிருக்காது. அது எழுதக் கூடாதுன்னுதான் இவ்வளவும்."

ஏஜெண்டுகளில் ஒருவர் அவருடைய தெருக்காரர். அவர் எழுந்து வந்து சூசையின் தோளில் கைவைத்தார். "வேண்டாம் சூசை. ஒன் ஃபைலு போயிருக்கு. இப்பப் போயி கேஸு கீஸுன்னு..."

நம் தீவில் டி.ஆர்.எம். என்றால் உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காகத் தினக்கூலியாகவே வேலை பார்த்துக்கொண்டு, நிரந்தரம் ஆகும் நாளுக்காகக் காத்துக் கிடப்பவர்கள். சூசை அப்படிப்பட்டவர். அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அப்போதுதான் மேலே போயிருந்தது. போலீஸ் விசாரணைச் சான்று மட்டும்தான் பாக்கி. ஒரு கேஸ் என்று பதிவானால் அந்த ஃபைல் அங்கேயே படுத்துவிடும்.

நானும் ஒரு முறை சொன்னேன். "யோசிச்சுக்குங்க சூசை. விட்டுட்டுப் போறேன்னு சொன்னாலும் யாரும் உங்கள ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

அவர் என்னைப் பார்த்தார். "ஃபைலுக்காவ, கண்ணால பாத்தத பாக்கலன்னு சொல்லச் சொல்லுதீங்களா மேடம்? மாதா மேல சத்தியமாப் பாத்தேன்."

கையெழுத்துப் போட்டார். கட்டை விரல்போல் தடித்த எழுத்து.

பிள்ளைகளே, இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். அவரை மெஷினுக்கு முன்னால் நிறுத்தினேன். ஏஜெண்டுகள் மூவரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் தலைகளை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். சூசை விரலை நீட்டினார். நீட்டிய விரலை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எத மேடம் அமுக்கணும்?"

எதை வேண்டுமானாலும் அமுக்கலாம் என்றேன். சொன்ன பிறகுதான் அவர் எதற்காகக் கேட்டார் என்று எனக்கு உறைத்தது. முதலில் அமுக்கியதையே அமுக்கினால் அவருடைய ஓட்டு யாருக்கு என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வேறு எதையாவது அமுக்கினால், எந்தப் பொத்தான் மாறி வந்தது என்று அவர் சொன்னாரோ அதை யாரும் சோதித்ததாகாது. விதி எழுதியவர்கள் ஒரு மனிதனை இப்படி ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்துவோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அங்கேதான் நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்தது. பிரிசைடிங் ஆபீசர் அழக் கூடாது என்பதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

அவர் அமுக்கினார். பீப் என்ற சத்தம் வந்தது. ஏஜெண்டுகள் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சீட்டு வந்தது. அமுக்கிய பெயர், அமுக்கிய சின்னம், எல்லாம் சரி. சீட்டு அறுந்து உள்ளே விழுந்தது.

"இப்ப சரியா வருது," என்றார் சூசை. மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "அப்ப வரல மேடம்."

வதந்தி என்று சொன்ன ஏஜெண்ட் கையைத் தட்டினார். "எழுதுங்க மேடம், ஜூட் போலா, பொய் சொன்னான்னு எழுதுங்க." நான் மறுத்தேன். சோதனை ஓட்டு சரியாக வந்தது என்று எழுதுவேன், அதை நான் பார்த்தேன். முதல் ஓட்டை நான் பார்க்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்றும் எழுத மாட்டேன், கண் பிசகிப் பார்த்தார் என்றும் எழுத மாட்டேன். அந்த ஆள் குரலை உயர்த்தினார். நான் அவரைவிட உயர்த்தினேன். சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்ததற்கு அன்று ஒரு பலன் கிடைத்தது. எழுதியது எழுதியபடியே நின்றது.

ஆனால் நான் என்ன எழுதினேன் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஸெக்டர் ஆபீசர் வந்தார், காகிதங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். கையெழுத்து இருக்கிறது, சோதனை சரியாக வந்திருக்கிறது. விதிப்படி அதைப் போலீஸிடம் கொடுத்தார். அவர்கள் சூசையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரே ஒருவர்கூட என் மேசைக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. சீட்டு வந்ததா, சரியாக இருந்ததா என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போகும்போது ஸெக்டர் ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "முதலிலேயே ஜெயில் என்று சொல்லியிருந்தால் இந்த ஆள் இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், மேடம்" என்று ஹிந்தியில் சொன்னார். அவர் மிரட்டுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. புகார் சொல்கிறவனை விதியிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அந்த விதியை என்னவென்று சொல்வது என்று அவரிடம் கேட்டேன். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஓட்டு எண்ணும்போது சில சாவடிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, மெஷின் சொல்லும் எண்ணிக்கையையும் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த முறை என் சாவடியின் பெயர் குலுக்கலில் வந்தது. சீட்டு சீட்டாக எண்ணினார்கள். துளி வித்தியாசம் இல்லை. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். இனி என்ன சந்தேகம் என்றார்கள்.

எனக்கு வாப்பாவின் கடைதான் நினைவுக்கு வந்தது. துணி குறைகிறதோ என்று வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் வாப்பா முகம் சுளிக்காமல் அதே துணியை மறுபடி விரித்து அளந்து காட்டுவார். நாங்கள் சூசைக்கு வேறு துணியை அளந்து காட்டினோம். எண்ணிக்கை நாளில், கடையில் இருக்கும் இரண்டு அளவுகோலும் ஒரே நீளம் என்று எங்களுக்கு நாங்களே காட்டிக்கொண்டோம். மெஷினும் சீட்டும் ஒத்துப்போயின, உண்மைதான். ஆனால் அந்த மனிதரின் விரலும் சீட்டும் ஒத்துப்போயினவா என்று அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சி உலகத்தில் ஒருவர்தான், அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

என்னைக் கேட்டால், மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு அவர் மாற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் 'நினைக்கிறேன்' என்பதற்கு மேல் என்னால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. சாவடிக்குப் பொறுப்பானவள் நான். எனக்கே இவ்வளவுதான் தெரியும் என்பது இன்றும் என்னை வாட்டுகிறது.

வழக்கில் நான் சாட்சி. கோர்ட்டில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாக மனதில் வைத்திருந்தேன்: சோதனையில் சரியாக வந்தது, அதற்கு முன் வந்தது எனக்குத் தெரியாது, இந்த மனிதர் பொய் சொல்கிறவராக எனக்குத் தோன்றவில்லை. தாழ்வாரத்தில் காத்திருந்தபோது சூசையின் மனைவி ரீத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிருமாம் மேடம், வக்கீல் சொல்லுதாரு. இல்லன்னா இழுத்துக்கிட்டே கெடக்குமாம். அவரு மாட்டேன்னுதான் நின்னாரு. நான்தான் கால்ல விழுந்தேன்."

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, சாட்சி தேவையில்லை, நீங்கள் போகலாம் என்றார். சூசை வெளியே வந்தார். "முடிஞ்சிட்டு மேடம். ஒங்களுக்குத்தான் வீண் அலைச்சல்," என்றார். சொல்ல வைத்திருந்ததை யாரிடமும் சொல்லாமலேயே நான் வீட்டுக்கு வந்தேன்.

வழக்கு முடிந்தது, ஃபைலும் முடிந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டவரை நிரந்தரமாக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிரந்தரம் ஆனார்கள். அவர் பட்டறைக்குப் போவதையே நிறுத்திவிட்டு, ஜங்லிகாட்டில் மீனவர்களின் டுங்கிகளுக்கு எஞ்சின் பழுது பார்க்க ஆரம்பித்தார். டுங்கி என்பது நம் ஊர்ச் சின்னப் படகு, உங்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மேசைக்கு முன்னாலும் ஒருநாள் ஒருவர் வந்து நிற்பார். அவர் உங்கள் நாளைக் கெடுக்க வந்தவர் என்று உங்களுக்குத் தோன்றும். அவரை உட்கார வையுங்கள். விதியை முழுதாகச் சொல்லுங்கள், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இதையெல்லாம் செய்தும் அந்த மனிதர் நொறுங்கிப்போகலாம். அப்போது மெஷின் சரியாக இருந்தது என்று கை கொடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இந்த விதி ஒரு மனிதரை இப்படி ஆக்கிவிட்டது என்று மேலே எழுதுங்கள். நான் எழுதினேன், பதில் வரவில்லை. நீங்களும் எழுதினால் வரலாம்.

இனி ஒன்றே ஒன்று. அடுத்த பார்லிமென்ட் தேர்தலின்போது நான் ஓய்வில் இருந்தேன். புரோத்ராபூரில் என் ஓட்டைப் போட்டுவிட்டு மீன் வாங்க ஜங்லிகாட் போனேன். கரையில் ஒரு டுங்கியின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு சூசை உட்கார்ந்திருந்தார். கிரீஸ் படிந்த இடது கையில் ஆள்காட்டி விரலின் நகத்தில் மை. புது மை. பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு ஆன பிறகும் இந்த மனிதர் போய் வரிசையில் நின்றிருக்கிறாரே என்று நெஞ்சு குளிர்ந்தது.

"ஓட்டுப் போட்டுட்டீங்களா சூசை?"

"போட்டேன் மேடம். காலையிலயே ரீத்தாவும் நானும் போயிட்டோம்."

ஆசையில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "சீட்டு சரியா வந்துச்சா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்.

"அமுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன் மேடம். பாத்தா சொல்லணும்லா?"